சாமி வண்டியின் சாவி

இந்த வாரத்தோடு என் மேசையைக் காலி செய்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்றார் முதலாளி. ரிட்டயர் ஆகிறவர்கள் எழுதுவது போல எழுத எனக்கு இன்னும் வயதாகவில்லை. தலையில் ஒரு நரைகூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். மாமல்லபுரத்தில் என் பெயரிலேயே ஒரு டிராவல்ஸ் தொடங்கப் போகிறேன். பலகை எழுதக் கொடுத்தாயிற்று. எங்கள் குப்பத்தில் படகில் பெயர் எழுதுவார்கள், கடைப் பலகையில் இதுவரை யார் பெயரும் ஏறியதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

அறை போடுவது, பர்மிட் எடுப்பது, சாப்பாட்டுக்குச் சொல்லி வைப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரையும் கேட்க முடியாத இடத்தில், நீங்களே ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது கையில் மொபைல் இருக்கிறதே, முதலாளியைக் கேட்டுக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். மலையில் சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை முதலாளி எடுக்க மாட்டார்.

நான் சேர்ந்தபோது மொபைலும் இல்லை, சிறுசேரி கம்பெனிகளும் இல்லை. வார இறுதிப் பயணம் என்றால் கல்லூரிப் பிள்ளைகள்தான். பெண்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து புக்கிங் எழுதுவோம், வண்டியோடு போவது ஆண்கள். என்னையும் அனுப்புங்கள் என்று கேட்டுக் கேட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் எனக்கு முதல் பயணம் கிடைத்தது. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியின் கடைசி வருட மாணவர்கள், ஆணும் பெண்ணும் கலந்து ஒரு பஸ் நிறைய. வெள்ளி மாலை கிளம்பி, சனி ஞாயிறு ஏற்காடு பார்த்துவிட்டு, ஞாயிறு இரவு விடுதிக்குத் திரும்ப வேண்டும்.

கார்த்திகை பிறந்தால் நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நீங்களே இந்த வருடம் பார்ப்பீர்கள். சபரிமலைக்கு மாலை போட்ட டிரைவர்கள் யார் யார் என்று விசாரித்துக் கல்லூரி வண்டிகளை அவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். காரணம் எளிது. மாலை போட்டவர் குடிக்க மாட்டார். கெட்ட வார்த்தை பேச மாட்டார். பெண் பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு வேறென்ன வேண்டும்? அதற்குச் 'சாமி வண்டி' என்று பெயர். நம் அலுவலகத்தில் அந்த இரண்டு மாதமும் சாமி வண்டிக்கு அடிதடி நடக்கும்.

"ஒனக்குச் சாமி வண்டி போட்டுக்கீறேன்" என்றார் முதலாளி. "ஒரு சொட்டு தொடமாட்டாரு. நானே என் பொண்ண நம்பி ஏத்துவேன், அப்டியாப்பட்ட மனுசன்."

"சரிங்க சார்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு. அந்த நாளுன்னா முன்னாடி உக்காராத. பின்னாடி கடேசி சீட்டுக்குப் போயிடு. அவரு வாயத் தொறந்து கேக்கமாட்டாரு. நம்பதான் பாத்து நடந்துக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்டு வாங்கிய பயணம். சரி என்று தலையாட்டினேன்.

டிரைவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். மதுராந்தகத்துக்காரர். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, வெறுங்கால். மாலை போட்டவர்கள் மற்ற எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், நாமும் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆகவே வண்டியில் எல்லோரும் சாமிகள், எங்களைப் போன்ற பெண்கள் மட்டும் 'மா'. மாணவர்களோடு வந்த விரிவுரையாளரை அவர் 'சார் சாமி' என்று கூப்பிட, பிள்ளைகள் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். வழியனுப்ப வந்திருந்த அம்மாக்கள் கறுப்பு வேட்டியைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டார்கள். "சாமி வண்டியா? அப்ப சரி" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அதுவரை என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவெல்லாம் ஓடி, விடிந்தபோது சேலம். மலை ஏற ஏறப் பிள்ளைகள் சன்னலை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது, கீழே காப்பிச் செடி. வாயைத் திறந்தால் புகை வருகிறது என்று ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக்கொண்டார்கள். ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து மேகத்தைப் பிடித்து மூடி போட்டான், அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். நானும் மலையை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். யாருக்கும் தெரியாதபடி நடந்துகொண்டேன்.

சனி முழுக்க ஏரி, ரோஜாத் தோட்டம், பள்ளத்தாக்கைப் பார்க்கும் முனைகள். எங்கே போனாலும் பிள்ளைகள் சொன்ன நேரத்துக்கு முன்பே ஓடி வந்துவிடுவார்கள், அடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம். ராத்திரி, தங்கிய லாட்ஜில் கோழிப் பிரியாணி. டிரைவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"நீங்க சாப்டுங்க மா. நான் பாத்துக்கறேன்" என்றார். காலையிலும் அதையேதான் சொல்லியிருந்தார். மாலை போட்டவர் வெளியில் சாப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். விரதம் என்றால் விரதம்தான் என்று மரியாதையாக நகர்ந்துவிட்டேன். ஞாயிறு விடியும் முன்பே அவர் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளித்துச் சரணம் சொல்வது கேட்டது. அந்தக் குளிரில் போர்வையை இன்னும் இழுத்துக்கொண்டு, என்ன பக்தி என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை எனக்கு அந்த நாள் வந்தது. முதலாளி சொன்னபடி பையை எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே சுதா என்ற மாணவி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். பேசாமலேயே இருவருக்கும் தெரிந்தது.

மதியத்துக்குமேல் இறங்கத் தொடங்கினோம்.

பஸ்ஸின் கடைசி சீட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முன்னால் உட்கார்ந்தவருக்குச் சாலை தெரியும். பின்னால் உட்கார்ந்தவருக்கு டிரைவர் தெரிவார். கொண்டை ஊசி வளைவில் அவர் கொஞ்சம் தாமதமாகத் திருப்பினாலும் பின்பக்கம் வீசி அடிக்கும். முதல் சில வளைவுகளில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு வளைவில் என் தோள் சன்னலில் இடித்தது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "ஓ" என்று கத்திச் சிரித்தார்கள். அடுத்ததில் இன்னும் பலமாக. சாமி நமக்காக ஓட்டிக் காட்டுகிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அதற்கு அடுத்ததில் வெள்ளையடித்த தடுப்புச் சுவர் சன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓடியது. அந்தச் சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

எழுந்தேன்.

சுதா என் துப்பட்டாவைப் பிடித்தாள். "அக்கா, எங்க போறீங்க? முன்னாடியா?"

"ஆமா."

"சாமி கோச்சிக்க மாட்டாரா?"

"கோச்சிக்கட்டும்" என்றேன். தைரியமாகச் சொன்னதுபோல உங்களுக்குத் தோன்றலாம். கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போவதற்குள் இரண்டு முறை நின்றேன். ஒரு மனிதர் நாற்பத்தெட்டு நாள் காக்கிற விரதம். அதை என்னால் கெடுத்துவிடக் கூடாது என்று நினைக்கும்படிதான் நானும் வளர்ந்திருக்கிறேன். படித்ததால் அந்த நினைப்பு போய்விடவில்லை.

டிரைவருக்குப் பக்கத்தில், சூடாக இருந்த இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு சாலையைப் பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது.

கண் திறந்திருந்தால் போதாது என்று எனக்குத் தெரியும். என் அப்பா ராத்திரிக் கடலுக்குப் போய்விட்டு வந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவார். வலையைக் காயப் போட்டாயிற்றா என்று அம்மா கேட்டால் "உம்" என்பார். வீடு தீப்பிடித்துவிட்டது என்றாலும் அதே "உம்"தான்.

"சாமி, டீ சாப்பிடலாமா?"

"உம்."

"சாமி, சேலத்துல டீசல் போடணுமா?"

"உம்." காலையில்தான் என் கண்ணெதிரே நிறையப் போட்டிருந்தார்.

"சாமி, உங்க பேரு என்ன?"

"உம்."

சத்தம் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். வளைவின் நடுவில் திடுக்கிட்டு எழுப்பினால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் போகும் என்று யார் சொல்ல முடியும்? முன் சீட்டில், வண்டியிலேயே பெரிய தொண்டைக்காரன் இருந்தான். மைக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"சரணம் போடு" என்றேன். "சத்தமா. நிறுத்தாத."

அவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? "சாமியே" என்று பிடித்தான். பஸ் முழுக்க "சரணம் ஐயப்பா" என்றது. டிரைவரின் தோள் நிமிர்ந்தது. அவரும் சொன்னார். ஒரு வளைவை அழகாகத் திருப்பினார், இன்னொன்றையும். எனக்குப் பின்னால் சார் சாமி மகிழ்ச்சியாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்படியே பாடிட்டுப் போனா கேட் பூட்டறதுக்குள்ள போயிடலாம் மேடம்."

பெண்கள் விடுதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஞாயிறு இரவு கதவு பூட்டுவதற்குள் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் இனிமேல் பெண்களை வெளியே அனுப்புவதில்லை. சார்தான் வார்டனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பாவம், ரெண்டு நாளும் அவர் மலையைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

நானும் நிம்மதியாகியிருப்பேன். வண்டியில் இருந்த எல்லோருக்கும் சரணச் சத்தம் கேட்டது. டிரைவர் பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும்தான் இன்னொன்று தெரிந்தது. அவருடைய உதடு இப்போது அசையவில்லை. பின்னால் அத்தனை பேர் சரணம் சொல்ல, கழுத்தில் மாலை போட்டிருந்தவர் சொல்லவில்லை.

அதோடு என் சமாளிப்புகளை விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். பாட்டு, டீ, முகத்தில் தண்ணீர், பேச்சுக் கொடுப்பது, இதெல்லாம் தூக்கத்தை ஒரு வளைவு தள்ளிப் போடும். அவ்வளவுதான். அடுத்த வளைவும் இருக்கிறது.

சாலை கொஞ்சம் அகலமாகி, ஓரத்தில் டீக்கடை ஒன்றும் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயிலும் தெரிந்தன. நேரான துண்டுச் சாலை. அவர் காதுப் பக்கம் குனிந்தேன்.

"சாமி, ஓரமா நிறுத்துங்க. ஒரு பொண்ணுக்கு முடியல."

அது அவருக்குள் எங்கேயோ போய்ச் சேர்ந்தது. பிரேக்கை மிதித்தார். கடையைத் தாண்டிப் போய் வண்டி நின்றது.

"சீக்கிரம் மா" என்றார். கை கியரிலேயே இருந்தது.

பொய் சொல்லி நிறுத்தியாயிற்று. அந்தப் பொய் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு பெண் வாந்தி எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கும் நேரம். அப்புறம் அவர் கிளப்பிவிடுவார். கை நீட்டி ஹேண்ட் பிரேக்கை ஏற்றினேன். ஸ்டாப்பரை இழுத்து இன்ஜினை அணைத்தேன். சாவியை உருவினேன். சாவியோடு ஐயப்பன் டாலர் ஒன்றும் துளசி மணிகளும் கோத்திருந்தன. அதைத் தொட்டபோது என் கை கூசியது. துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு இறங்கினேன்.

"எல்லாரும் எறங்குங்க. பசங்க நாலு பேர் சக்கரத்துக்குக் கல்லு வைங்க."

சார் சாமிதான் முதலில் ஓடி வந்தார். "என்ன மேடம் பண்றீங்க? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"டிரைவருக்கு. தூங்கிட்டே ஓட்டுறாரு சார்."

"அவர் ஒண்ணும் சொல்லலியே. கண்ணு முழிச்சுட்டுதானே இருக்காரு?"

"அவரு பேர் என்னன்னு கேட்டேன் சார். 'உம்'னாரு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கேட் பூட்டிடுவாங்க மேடம். யார் பொறுப்பு?" என்றார்.

"நான்தான். இல்லன்னா நீங்க ஓட்டுறீங்களா?"

"எனக்கு ஸ்கூட்டர்தான் தெரியும்."

"மச்சான், அந்த ஸ்கூட்டரையே டெய்லி தள்ளிகினுதான்டா வராரு" என்றான் மைக், எல்லோருக்கும் கேட்கும்படி. பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நான் இன்றைக்கும் மைக்குக்கு நன்றியுள்ளவள். அது வராமல் இருந்திருந்தால் சார் விட்டிருக்க மாட்டார்.

டிரைவர் இன்னும் சீட்டில்தான் இருந்தார், அணைந்த வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. சன்னலுக்குக் கீழே போய் நின்றேன். தூக்கமா என்று கேட்டால் இல்லை என்பார். தூக்கத்தில் இருப்பவர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வேறு ஒன்று கேட்டேன்.

"சாமி, சாப்பிட்டீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"எப்ப மா?"

"நேத்து. இன்னைக்கு. எப்பவாவது."

"வாழப்பழம் துன்னேன். நேத்து."

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவர் தன் கையால் சமைத்துத்தான் சாப்பிடுவார். பம்பு ஸ்டவ், சின்னப் பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளின் பைகள் அத்தனைக்கும் அடியில், டிக்கியில் அவை கிடந்தன. சனிக்கிழமை ஒரு முறை எல்லாப் பையையும் இறக்கி ஸ்டவ்வைப் பற்ற வைத்தாராம். அரிசி கொதிக்கும்போது பிள்ளைகள் திரும்பி வந்து, "சாமி, போலாம் சாமி, இருட்டிடும் சாமி" என்றார்களாம். பாதி வெந்த சோற்றைக் கொட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ராத்திரி லாட்ஜ் அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது, அங்கே போக முடியவில்லை. வெள்ளி இரவு முழுக்க வண்டி ஓட்டியவர், சனி இரவு பசியில் சரியாகத் தூங்கவும் இல்லை. அப்புறம் இரண்டு நாளும் காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல்.

"சொல்லக் கூடாதா சாமி?"

"கொழந்தைங்க ஆசையா வந்துக்கீதுங்க. அதுங்கள ஒக்கார வெச்சிட்டு நான் சோறாக்கிகினு இருக்கணுமா?"

'ஒரு சொட்டு தொடமாட்டாரு' என்று முதலாளி சொன்னது எவ்வளவு உண்மை. அவர் எதையுமே தொட்டிருக்கவில்லை.

டிக்கியைக் காலி செய்து ஸ்டவ்வை எடுத்தோம். டீக்கடைக்காரர் தண்ணீர்க் குழாயையும் கடைக்குப் பின்னால் சுத்தமான ஒரு மூலையையும் காட்டினார். டிரைவர் கை கால் கழுவி, தானே பருப்புச் சாதம் வைத்தார். நானும் சுதாவும் சாலைக்கு எதிர்ப்பக்கம் சுவர்மேல் உட்கார்ந்துகொண்டோம். சமைக்கிற இடத்துக்குப் போகவில்லை. சாவி மட்டும் என்னிடம் இருந்தது.

ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள், ஒரு மனிதர் சாப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் கடைசிக் கவளத்தை விழுங்கியதும், கைகழுவக்கூட எழுந்திருக்காமல், அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். மைக் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கும்பலாகப் போய் அடக்கினான். அவன் சத்தம் போடாமல் இருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறோம் என்றார்கள் அவன் நண்பர்கள்.

குரங்குகள் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தன. சார் சாமி தன் குடையை எடுத்துக்கொண்டு போய், தூங்குகிறவரின் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு குரங்கு நெருங்கும், இவர் குடையைச் சத்தமில்லாமல் விரிப்பார், அது ஓடும். மறுபடி மடக்குவார். ரொம்ப நேரம் இது நடந்தது. கடிகாரத்தைப் பார்க்க அவருக்கு நேரமே இல்லை.

மேகம் எங்களைத் தாண்டி விலகிப் போய்விட்டது. கீழே சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. பிள்ளைகள் சுவர் நெடுக வரிசையாக உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். ரெண்டு நாளில் அவர்கள் ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்தது அங்கேதான்.

"அக்கா, இந்த எடத்துக்கு என்ன பேரு?" என்று சுதா கேட்டாள்.

"தெரியல."

"நல்லா இருக்குக்கா. லிஸ்ட்ல இதப் போடவே இல்ல நீங்க."

அவர் விழித்தபோது அந்தி மயங்கிவிட்டது. குழாயடியில் குளித்தார், கோயில் முன்னால் சரணம் சொன்னார். பிறகு ஈரத் தலையோடு சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். எழுந்து நின்றேன்.

"சாவி குடு மா."

"தரேன் சாமி. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடணும். நான் முன்னாடி வந்து உட்கார்ந்தது, சாவியத் தொட்டது..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலீல பின்னாடி போயி உக்காந்தியே, அப்பவே தெரியும். எங்க வூட்ல ரெண்டு பொண்ணு கீது. எனக்கு வேற யாரு சொல்லணும்?"

"அப்ப முன்னாடி வந்தப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"சொல்லத்தான் திரும்பனேன். இன்னா சொல்லணும்னு நெனப்பு வரல. இந்தப் பொண்ணு இங்க உக்காரக் கூடாது, எதுக்குன்னு ஒண்ணு கீது, அது இன்னான்னு... வரவே இல்ல. அப்பவே நானா ஓரம் கட்டியிருக்கணும். ரோசம் உடல மா."

"குருசாமிகிட்ட என்ன சொல்வீங்க?"

"நடந்தத சொல்லுவேன். அவரு சொல்றத செய்வேன். அது என் பாடு. நீ அத நெனச்சிப் பேஜார் ஆவாத."

துப்பட்டா முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்த்தும் கொடுக்கவில்லை.

"உங்க பேரு என்ன சாமி?"

சிரித்துவிட்டார். "ஏழுமலை" என்றார்.

கொடுத்தேன்.

அவர் ஏறி உட்கார்ந்ததும், நான் பின்பக்கம் போகத் திரும்பினேன். "எங்க போற? இங்கியே உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். மிச்சமிருந்த வளைவுகளில் யாரும் பாடவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே கியரை இறக்கினார், ஹாரன் அடித்தார், அகலமாக எடுத்துத் திருப்பினார். பின்னாலிருந்த சுதா அங்கிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். கடைசி வளைவும் முடிந்து சாலை சமமானபோது பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"இன்னாத்துக்குக் கை தட்றீங்க சாமி?" என்றார் அவர். "இன்னும் செங்கல்பட்டு கீது."

சேலத்தில் சார் சாமி வார்டனுக்கு எஸ்.டி.டி. போட்டார். வெளியே நின்ற எங்களுக்கே அந்த அம்மாவின் குரல் கேட்டது. பூத்திலிருந்து வந்து, "திட்டறத எல்லாம் திட்டி முடிச்சாச்சு. இனிமே என்ன அவசரம்? காலையில போலாம் மேடம்" என்று அவரே சொன்னார். தெரிந்த ஒருவரின் கல்யாண மண்டபத்தைத் திறக்கச் சொன்னார். பெண்கள் மணமகள் அறையில் படுத்தார்கள். ஏழுமலை சாமி விடியும்வரை தூங்கினார், நானே எட்டிப் பார்த்தேன். காலையில் அவர் பொங்கி முடித்துச் சாப்பிடும்வரை ஒருவரும் "போலாம்" என்ற வார்த்தையை எடுக்கவில்லை. வார்டனின் கோபம் ஒரு மாதம் நீடித்தது. அடுத்த வருடமும் அந்தக் கல்லூரிப் பெண்கள் நம்மோடுதான் மலைக்குப் போனார்கள்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. குடிக்காதவர் என்பது ஒன்று, வண்டி ஓட்டும் நிலையில் இருப்பவர் என்பது வேறு. டிரைவர் சாப்பிட்டாரா என்று கேட்காதீர்கள், சாப்பிடும்போது கூட இருங்கள். நம் அலுவலகத்தில் இப்போது சாமி வண்டிக்குப் பகலில் இரண்டு மணி நேரம் சமையலுக்கென்று ஒதுக்குகிறோம். அது நான் சண்டை போட்டு வாங்கியது. முதலாளி தன் யோசனை என்று சொல்வார், நம்பாதீர்கள். பெண்களுக்கு மட்டும் இன்னொன்று. கடைசி சீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், நான் சொல்ல மாட்டேன். நான் அதற்குப் பிறகு போனதில்லை.

அன்று திங்கட்கிழமை காலை, நல்ல வெளிச்சத்தில் கிளம்பினோம். முன் சீட்டில், சாலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வண்டியோடு போகிறவள் வழியில் கண் மூடக் கூடாது என்பது நமக்கெல்லாம் முதல் பாடம். ஆத்தூர் வரை நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் மரவள்ளி வயல், அப்பால் கூடவே வந்த மலை மெல்ல ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஏதோ ஒரு பாட்டை மூக்கால் பாடிக்கொண்டு ஓட்டினார். அவ்வளவுதான் தெரியும்.

யாரோ என் தலைக்கு மேலே இருந்த கம்பியைத் தட்டினார்கள். விழித்தேன். வண்டி நின்றிருந்தது. சன்னலுக்கு வெளியே விடுதிக் கதவு, கையைக் கட்டிக்கொண்டு வார்டன். பிள்ளைகள் பாதிப் பேர் இறங்கிவிட்டிருந்தார்கள்.

"எழுந்திரு மா" என்றார் ஏழுமலை சாமி. "பொத்தேரி வந்திச்சி."